பின்பலகைக்குள் நின்ற தண்ணீர்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறாத நேரம். நைனா சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மரப்பிடியால் போட்டின் பின்பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரங்களில் 'டக் டக்' என்று கல்லைத் தட்டின மாதிரி சத்தம். என்ஜின் மாட்டுகிற நடுப்பகுதிக்கு வந்ததும் 'தொப்' என்றது. நனைந்த சாக்குமூட்டையைத் தட்டின மாதிரி. மறுபடி தட்டினார். அதே தொப். சுத்தியலை மணலில் வைத்துவிட்டு, "உள்ள செத்துப்போச்சுடா" என்றார்.

எங்கள் போட்டு 18 அடி ஃபைபர். சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் குறைந்து கரையெல்லாம் ஃபைபர் போட்டு நிறைந்த காலத்தில், 2008இல், நைனா பழைய போட்டாகப் பார்த்து வாங்கியது. கடலுக்குப் போகிற போட்டு இல்லை. எண்ணூர் முகத்துவாரம், கொசஸ்தலை ஆறு, அதைத் தாண்டினால் அலையாத்திச் செடி ஓரங்கள், இவ்வளவுதான் அதன் எல்லை. மடவை, கிழங்கான், ஊடான், காலம் வந்தால் இறால், நண்டு. பின்னால் 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின். நான் மணலியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். லீவு நாளில் நைனாவோடு ஆற்றில் இருப்பேன். இந்த வேலையை நாங்கள் இரண்டு பேரும் நான்கு ஞாயிறும் இரண்டு நைட் ஷிப்ட் பகலும் சேர்த்து முடித்தோம். இதே நிலையில் பின்பலகை வைத்திருப்பவர்கள் கரையில் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் செய்ததைச் செய்தபடியே எழுதுகிறேன்.

பின்பலகையைப் படகு யார்டில் ட்ரான்ஸம் என்பார்கள். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் மரப்பலகை வைத்த சாண்ட்விச் அது. என்ஜினின் எடை, இழுப்பு, உதை எல்லாம் அந்தப் பலகைமேல்தான். இரண்டு வருடம் முன்பு போல்ட் துளையைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு வந்தது. ஒரு பட்டறையில் காட்டினோம். வெளியே ஒரு லேயர் மேட் (கண்ணாடி நூல் விரிப்பு) ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசாக இருந்தது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி அடைபட்டது, அவ்வளவுதான். கசிகிற இடத்தில் கை வைத்தால் போதும் என்று அப்போது நானும் நினைத்தேன். தண்ணீர் ஒரு இடத்தில் நுழையும், வேறு இடத்தில் எட்டிப் பார்க்கும். நடுவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் கருப்பு எண்ணெய் வந்ததே, அது எங்கள் போட்டையும் விடவில்லை. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரை தார் பூசின மாதிரி அப்பியிருந்தது. வலை வீணாய்ப் போனது. போட்டை மண்ணெண்ணெய் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினோம். கண்ணுக்குப் போய்விட்டது. ஆனால் ஃபைபரின் நுண்ணிய துளைக்குள் பிசுக்கு இருந்துகொண்டுதான் இருக்கும். அதன்மேல் கிரைண்டர் போட்டால் எண்ணெய் இன்னும் உள்ளே தேய்ந்து இறங்கும், பிறகு எந்த ரெசினும் (ஃபைபரை ஒட்டி இறுக வைக்கிற பிசின்) பிடிக்காது. அதனால் முதலில் கழுவு, பிறகு தேய்.

சுடுதண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து இரண்டு தடவை. காய்ந்த பிறகு அசிட்டோன். ஒரு கையில் அசிட்டோன் நனைத்த துணி, மறு கையில் காய்ந்த துணி. ஈரத்துணியால் துடைத்த கையோடு, அது ஆவியாகிப் போவதற்குள் காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிசுக்கை இங்கிருந்து அங்கே இழுத்துப் பூசினதாகத்தான் ஆகும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். அம்மாவின் பழைய பருத்திப் புடவை ஒன்று முழுதாகத் தீர்ந்தது. சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு மக்கு நல்ல தண்ணீரை மேலே ஊற்றுங்கள். ஒரே படலமாகப் பரவி வழிந்தால் சரி. முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது தடவைதான் படலமாக வழிந்தது.

அடுத்த ஞாயிறு திறந்தோம். வெளித்தோலைத் தொடவில்லை, அதுதான் போட்டின் வடிவம். உள்பக்கத்திலிருந்து, ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு, ஆங்கிள் கிரைண்டரால் உள்தோலைச் சதுரமாக அறுத்தேன். கடப்பாரை நுனியை உள்ளே விட்டு நெம்பினதும் தோல் பிய்ந்து வந்தது. கூடவே கருந்தண்ணீர். ஒரு அரை பக்கெட் இருக்கும். போட்டு கரையில் ஏறி மூன்று வாரம் ஆகியிருந்தது, அந்த வெயிலிலும் உள்ளே அவ்வளவு தண்ணீர். அழுகின சேற்று வாடை. பலகையைக் கையாலேயே அள்ளினேன். ஈரக் காப்பித்தூள் மாதிரி விரலுக்கு நடுவில் நசுங்கியது. நைனா ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கரைப்பக்கம் போய் உட்கார்ந்தார். பதினாறு வருடம் அந்தப் பலகையை நம்பித்தான் ராத்திரியில் ஆற்றுக்குள் போய் வந்திருக்கிறார்.

முழுவதும் சுரண்டி எடுத்ததும்தான் எங்கே வெடித்தது என்பது தெரிந்தது. இரண்டு போல்ட் துளைகளும் வட்டமாக இல்லை, மேலும் கீழுமாக முட்டை மாதிரி நீண்டிருந்தன. என்ஜின் வெறுமனே ஓடினால் துளை அப்படி நீளாது. ஏதோ திரும்பத் திரும்ப உதைத்திருக்கிறது.

"நைனா, என்ஜின் தரையில தட்டினா மேல தூக்கிக்குமே, தூக்குதா?"

"அது எங்க தூக்குது? நான்தான் கவுறு போட்டுக் கட்டி வச்சிக்கிறேனே."

ரிவர்ஸ் போட்டால் என்ஜின் தானாக மேலே தூக்கிக்கொண்டு வந்ததாம். ரிவர்ஸில் என்ஜின் தூக்காமல் பிடித்து வைக்கிற ரிவர்ஸ் லாக்கின் ஸ்பிரிங் உடைந்து போயிருந்தது. அதனால் என்ஜினின் வாலை, அதாவது தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதியை, கீழே இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். ஆழமான தண்ணீரில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. எங்கள் ஆறு அப்படி இல்லையே. அனல்மின் நிலையச் சாம்பல் வருடக்கணக்கில் படிந்து படிந்து, நைனா சின்ன வயதில் கழி எட்டாத இடம் என்று காட்டுகிற இடத்தில் இன்று இடுப்பளவுதான் தண்ணீர். தண்ணீர் வத்துகிற நேரத்தில் முழங்கால்கூட இருக்காது. வாலின் நுனி சாம்பல் மேட்டில் மோதும். கட்டாமல் இருந்தால் என்ஜின் துள்ளி மேலே ஏறி அடியைத் தணித்துக்கொள்ளும். கட்டியிருந்ததால் ஒவ்வொரு மோதலும் நேராகப் பலகைக்குப் போயிருக்கிறது. துளை நீண்டு, வெடித்து, தண்ணீர் இறங்கி, பலகை அழுகியிருக்கிறது. ஆறு தூர்ந்ததற்கான விலையை என் நைனாவின் போட்டு இப்படிக் கொடுத்திருக்கிறது. பலகையை மட்டும் மாற்றி, கயிற்றை அப்படியே விட்டிருந்தால் மூன்றே வருடத்தில் மறுபடி இதே இடத்தில் வந்து நின்றிருப்போம்.

பலகை வாங்கப் பாரிமுனைக்குப் போனேன். 'வாட்டர்ப்ரூஃப் ப்ளை' என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். ஐஎஸ் 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், அதுதான் மரைன் ப்ளைவுட். ஐஎஸ் 303 என்றிருந்தால் அது வீட்டு வேலைக்கான ரகம். 12 மில்லிமீட்டர் பலகை இரண்டை ஒட்டி 24 ஆக்கினேன். அட்டையில் அச்சு எடுத்து, அதை வைத்து வரைந்து அறுத்தேன். 110 சென்டிமீட்டர் அகலம், 45 உயரம், என்ஜின் உட்காரும் இடத்தில் மட்டும் பள்ளம்.

ரெசின், மேட், ரோவிங் எல்லாம் காசிமேட்டில் வாங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் லாஞ்சுகள் எல்லாம் யார்டில் ஏறியிருந்தன, ஃபைபர் மேஸ்திரிகளுக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த அவசரத்திலும் ஒரு மேஸ்திரி அண்ணன் கால் மணி நேரம் நின்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். ஐசோ ரெசின் (பாலியெஸ்டர் வகை) 10 கிலோ, சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட், 610 கிராம் ரோவிங் (கண்ணாடி நூலில் நெய்த துணி), ரெசினை இறுக வைக்கிற கோபால்ட், கேட்டலிஸ்ட். இதற்குப் பதில் எபாக்சி ரெசின் போடலாமா என்று கேட்டேன். பழைய ஃபைபர்மேல் எபாக்சிதான் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம், இந்த மேட்டில் இருக்கிற பசை எபாக்சியில் சரியாகக் கரையாது, அதற்கு வேறு துணி வாங்க வேண்டும் என்றார். கையில் இருந்த காசுக்கு பாலியெஸ்டர்தான் என்று முடிவு செய்தேன். நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஓரத்தில் தாராளமாக ஏற்றி ஒட்டினால் இதுவும் தாங்கும்.

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒருபோதும் நேரடியாகச் சேர்க்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை விட்டு நன்றாகக் கலக்கி முடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலையும் ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வை போய்விடக்கூடும், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். கரையில் பல பேர் வெறுங்கண்ணோடு இந்த வேலையைச் செய்வதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

அளவு, ஒரு கிலோ ரெசினுக்கு கேட்டலிஸ்ட் 10 மில்லி. மே மாத வெயிலுக்கு அதுவே அதிகம்தான். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் வெயிலில் ரெசின் கையில் இருக்கும்போதே இறுகும், மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தையும் மணலையும் கொண்டுவந்து ஈர ஃபைபர்மேல் போடும். தார்ப்பாய் நிழல் கட்டாயம். முதல் நாள் ஒன்றரைக் கிலோவை ஒரே மக்கில் கலந்துவிட்டு மேட் வெட்டப் போனேன். திரும்பி வருவதற்குள் மக்கிலிருந்து புகை. கையால் தொட முடியாத சூடு, ரெசின் உள்ளுக்குள் வெடித்து மஞ்சளாகிவிட்டது. குவியலாக இருந்தால் சூடு வெளியேற முடியாமல் தன்னைத்தானே ஏற்றிக்கொள்ளும். மறுநாளிலிருந்து அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைத்தோம். மேட்டை எல்லாம் முன்கூட்டியே வெட்டி, எண் போட்டு, வரிசையாக அடுக்கின பிறகுதான் கேட்டலிஸ்ட் பாட்டிலைத் தொடுவது.

பலகையின் நான்கு ஓரமும்தான் தண்ணீர் குடிக்கிற வாய். ஒட்டுவதற்கு முதல் நாளே ஓரங்களுக்குத் தண்ணியான ரெசினை மூன்று தடவை குடிக்கக் கொடுத்தோம். முதல் தடவை விட்டது விட்ட இடத்திலேயே மறைந்தது. மூன்றாவது தடவை மேலே பளபளவென்று நின்றது. ஒட்டும்போது வெளித்தோலின் உள்பக்கத்தில் ஒரு ஈரமான மேட், அதன்மேல் பட்டி, அதன்மேல் பலகை. பட்டி என்பது ரெசினில் டால்க் பவுடரும் நறுக்கின நூலும் போட்டு வேர்க்கடலைச் சட்னி பதத்துக்குக் குழைத்தது. வெளியே ஒரு சட்டம், உள்ளே ஒரு சட்டம் கொடுத்து பழைய போல்ட் துளை வழியாகவே இறுக்கினோம். சுற்றிலும் எல்லா ஓரத்திலும் பட்டி பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். இடது கீழ் மூலையில் மட்டும் வரவில்லை. கழற்றி, பட்டி சேர்த்து, மறுபடி இறுக்கினோம். நைனா அந்த மூலையை விரலால் வழித்துப் பார்த்து, "இப்ப வந்துச்சு" என்ற பிறகுதான் அடுத்த வேலை.

பலகையும் பக்கச்சுவரும் சேர்கிற மூலையைக் கூராக விடக் கூடாது. மேட் மூலையில் மடங்காமல் பாலம் போட்ட மாதிரி நிற்கும், அடியில் காற்று தங்கும். பட்டியை வைத்து, வட்டமான கரண்டி முதுகால் இழுத்து, உருண்டையான மூலையாக்கினேன். பிறகு மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்று ஐந்து லேயர். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒன்றரை அங்குலம் அதிகமாகப் பக்கச்சுவரில் ஏறும். காய்ந்த மேட் வெள்ளையாக இருக்கும். ரெசின் இறங்க இறங்கக் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருக்கிற லேயர் தெரியும். எங்கே பால் மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிகிறதோ அங்கே காற்று இருக்கிறது. பல் வைத்த இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் குமிழ் நகர்ந்து ஓரத்தில் வெளியேறும். அழுத்தி உருட்டக் கூடாது, ரெசின் பிதுங்கிப்போய் நூல் வறண்டுவிடும். நைனா வலை பின்னுகிற கை. ரோலரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, மீன் செதில் மேல் கை வைக்கிற மாதிரி மெதுவாக உருட்டினார். கடைசி மூன்று லேயரும் அவர் உருட்டினதுதான். நான் வெட்டிக் கொடுத்தேன்.

பாலியெஸ்டர் காற்றுப் படுகிற பக்கம் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஒரு நாளுக்குள் அடுத்த லேயர் போட்டால் அந்தப் பிசுக்கே நல்ல ஒட்டு. எல்லாம் முடிந்த பிறகு மெழுகு கலந்த டாப் கோட் ஒரு கை அடித்ததும்தான் மேல்புறம் கெட்டியானது. கிரைண்டர் தூசு உடம்பெல்லாம் அரிக்கும். வேலை முடிந்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் போடாமல் ரெசின் வாடையில் நிற்காதீர்கள். துணி கட்டினால் அந்த வாடையைத் தடுக்காது.

போல்ட் துளைக்கு வருகிறேன். புதுப் பலகையில் நேராக 10 மில்லிமீட்டர் துளை போட்டு மாட்டினால் பழைய கதைதான். 18 மில்லிமீட்டரில் பெரிதாகத் துளைத்து, அதைப் பட்டியால் முழுக்க அடைத்து, இறுகின பிறகு அதன் நடுவில் 10 போட்டேன். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை, ரெசின் குழாய்தான். போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல், தலைக்கு அடியிலும் வாஷருக்கு அடியிலும் பாலியூரித்தேன் சீலன்ட்.

என்ஜினுக்கு ரிவர்ஸ் லாக் ஸ்பிரிங் மாற்றினோம். கயிறு போனது. கீழே திறந்து பார்த்ததில் தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் இதழ்கள் சாம்பல் கலந்த தண்ணீரில் தேய்ந்து பாதியாக இருந்தன, அதையும் மாற்றினேன். இன்னொன்றும் கண்டுபிடித்தோம். ப்ரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டு, போட்டின் அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே இருந்தால் போதும். எங்களுடையது மூன்று அங்குலம் கீழே இருந்தது. புதுப் பலகையில் என்ஜின் உட்காரும் பள்ளத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, போட்டின் அடிமட்டத்திலிருந்து 15 அங்குல உயரத்தில் வைத்தேன். எங்கள் ஆற்றில் இரண்டு அங்குலம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அடிப்பக்கத்தில் சிப்பி கீறின இடங்கள் ஐந்தாறு. ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, மேட் போட்டு அடைத்தோம். ஒரு காலையில் முடிந்தது.

ஜூன் அமாவாசைக்கு மறுநாள், தண்ணீர் ஏறுகிற நேரத்தில் இறக்கினோம். அதற்கு முன்னால் கரையிலேயே, என்ஜின் மாட்டுகிற இடத்தில் நானும் பக்கத்து வீட்டுப் பையனும் ஏறி நின்று குதித்தோம். சத்தமே இல்லை. ஆற்றில் ரயில் பாலம் வரை மெதுவாக, திரும்பி வரும்போது முழு வேகம். சாம்பல் மேட்டுக்கு நைனா வேண்டுமென்றே விட்டார். வால் தட்டியது, என்ஜின் துள்ளி மேலே ஏறியது, தானாக இறங்கி உட்கார்ந்தது. நைனா திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது.

ஆகஸ்டில் ஒரு மினி லாரியில் ஏற்றி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோனோம். அக்காவை அங்கேதான் கொடுத்திருக்கிறது. ஏரியின் சராசரி ஆழமே ஒரு மீட்டர் அளவுதான், பாதி வேலைக்குக் கழிதான் உதவும். அங்கே பாடு முறை உண்டு. இறால் பிடிக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிடிப்பார்கள். வெளியூர்க்காரர் போய் வலை விரிப்பது மரியாதை இல்லை. நாங்கள் தூண்டில் மட்டும்தான் எடுத்துப் போனோம். மாமா முன்னால் உட்கார்ந்து வழி காட்டினார். கரை கண்ணுக்கு மறைந்த பிறகு என்ஜினை நிறுத்தினோம். தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. எண்ணூரில் புகைபோக்கிகளைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது. இங்கே நாலாபக்கமும் தண்ணீரும் வானமும்தான். பொழுது சாய்கிற நேரத்தில் நைனாவுக்கு ஒரு கொடுவா மாட்டியது. "எங்க ஆறும் இப்படித்தான் இருந்துச்சு மாப்ள" என்று மாமாவிடம் சொன்னார். மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு போல்ட்டைக் கழற்றினேன். கம்பி நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, துளைக்குள் விட்டுத் திருகி எடுத்து நைனாவிடம் நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சுத்தியலை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். சீலன்ட் வைத்து போல்ட்டை இறுக்கு என்று சொல்லிவிட்டு வலையை எடுக்கப் போனார்.